அடுத்து என்ன வரும் என்று மட்டும் கேட்காதீர்கள்

(அங்கன்வாடிப் பணியாளர்களும் பெற்றோரும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் அங்கன்வாடி டீச்சர்கள், பின்னால் பெற்றோர்கள், அவர்கள் மடியில் சில வாண்டுகள். வாண்டுகள் சத்தம் போட்டால் போடட்டும், யாரும் அதட்ட வேண்டாம். பேச்சே அவர்களைப் பற்றித்தான்.

எல்.கே.ஜி. பயிற்சிப் புத்தகம் எதை எடுத்தாலும் இப்படி ஒரு பக்கம் இருக்கும். சிவப்பு வட்டம், நீல வட்டம், சிவப்பு வட்டம், நீல வட்டம், பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். 'அடுத்து என்ன வரும்?' குழந்தை சிவப்புக் கிரேயானை எடுத்துத் தீட்டும். டீச்சர் டிக் போடுவார். அமைப்புகள், அதாவது பேட்டர்ன், பாடம் முடிந்தது. முடிந்ததாக நாம் நினைக்கிற அந்த இடத்தில் பாடம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அந்தக் குழந்தை எப்படி விடை கண்டுபிடித்தது என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் நீலம் இருக்கிறது, அப்போ நீலம் இல்லாத இன்னொன்று. இவ்வளவு போதும். வரிசை முழுவதையும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சந்தேகம் இருந்தால் அதே குழந்தைக்குச் சிவப்பு, சிவப்பு, நீலம், சிவப்பு, சிவப்பு, நீலம் என்று சோடா மூடியை அடுக்கிக் காட்டி, 'நீ தொடர்ந்து வை' என்று சொல்லுங்கள். சிவப்பு வைக்கும். அதற்கப்புறம் கை நீலத்துக்குப் போகும், பிறகு சிவப்பு, பிறகு நீலம். அதற்குத் தெரிந்தது 'மாற்றி மாற்றி வைக்கணும்' என்ற ஒரே விதிதான். 'சிவப்பு, சிவப்பு, நீலம்' மூன்றும் சேர்ந்து ஒரு கட்டு, அந்தக் கட்டுதான் திரும்பத் திரும்ப வருகிறது என்பது இன்னும் பிடிபடவில்லை.

எல்லாம் அந்தக் கட்டில்தான் இருக்கிறது. கோயில் வாசலில் கதம்பம் தொடுக்கிற அம்மாவைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மூன்று கண்ணி மல்லி, ஒரு கண்ணி கனகாம்பரம், ஒரு கொத்து மரிக்கொழுந்து. பக்கத்துக் கடைக்காரியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே கை ஓடும். 'இப்போ எந்தப் பூ?' என்று ஒவ்வொரு பூவுக்கும் அவர் யோசிப்பதில்லை. ஐந்து கண்ணியும் சேர்ந்து அவருக்கு ஒன்று. அது எத்தனை தரம் வந்தால் ஒரு முழம் என்றுகூட அவருக்குத் தெரியும். குழந்தைக்கு வரவேண்டியதும் இந்தப் பார்வைதான்.

சரி, மூடி அடுக்குகிற விளையாட்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். ஒன்றாம் வகுப்பில் பத்துக் குச்சியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி 'இது ஒரு பத்து' என்கிறோம். பத்துக் குச்சியை 'ஒன்று' என்று எண்ணச் சொல்கிறோம். பெரியவர்களுக்கு அது சாதாரணம். குழந்தைக்கு அது பெரிய தாண்டல். பலவற்றைச் சேர்த்து ஒன்றாகப் பார்த்து, அந்த ஒன்றைத் திரும்பத் திரும்ப எண்ண வேண்டும். இடமதிப்பும் பெருக்கல் வாய்ப்பாடும் அங்கேதான் நிற்கின்றன. மூடி வரிசையில் கட்டைப் பார்க்கத் தெரிந்த குழந்தை அந்தத் தாண்டலில் பாதியைத் தாண்டிவிட்டது.

அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பெத்தனி ரிட்டில்-ஜான்சனும் அவருடைய குழுவினரும் வருமானம் குறைந்த குடும்பங்களின் குழந்தைகளை 4 வயதிலிருந்து 11 வயது வரை தொடர்ந்து கவனித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். சின்ன வயதில் அமைப்புகளைப் புரிந்துகொள்ளும் திறனுக்கும் ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கும் தொடர்பு தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே நாட்டில் 2010-இல் வந்த பொதுப் பாடத்தரத்தில் மழலை வகுப்புக் கணக்கிலிருந்து இந்தப் பாடத்தையே விட்டுவிட்டார்கள். இந்த ஆய்வை வைத்துக்கொண்டு 'பேட்டர்ன் பயிற்சி, கணக்கில் நூற்றுக்கு நூறு' என்று யாராவது டியூஷன் போர்டு மாட்டினால் நம்பாதீர்கள். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் தொடர்பு இருப்பது வேறு, ஒன்றால் இன்னொன்று விளைவது வேறு. இது விதைக்கத் தகுந்த நிலம் என்கிற அளவுக்கு அந்த ஆய்வு போதும்.

இப்போது எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன்.

முதலில் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். மூன்று வயதுக்கு அதுவே போதும். நாலரை, ஐந்து வயதானதும் ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். ஆறு மூடியை அடுக்கிக் காட்டுங்கள், ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுங்கள், 'இப்போ நீ செய்' என்று சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் ஜோன் முல்லிகன் என்ற பேராசிரியர் இந்த மாதிரி மறைத்து நினைவிலிருந்து செய்யவைக்கும் வேலைகளைப் பல வருடங்களாகச் சோதித்து வந்திருக்கிறார். மூடினால்தான் உண்மை வெளியே வரும். திறந்திருக்கும்போது ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வைத்துவிடலாம், தலைக்குள் எதுவும் போக வேண்டியதில்லை. மூடிய பிறகு ஒரு குழந்தை சிவப்பையும் நீலத்தையும் கலந்துகட்டி வைக்கும். இன்னொன்று நாலு சிவப்பு, இரண்டு நீலம் என்று கணக்கைச் சரியாகப் பிடித்திருக்கும், ஆனால் நாலு சிவப்பும் ஒரு பக்கம், இரண்டு நீலமும் ஒரு பக்கம். மூன்றாவது குழந்தை உதட்டுக்குள் 'சேப்பு சேப்பு நீலம், சேப்பு சேப்பு நீலம்' என்று முணுமுணுத்துக்கொண்டே வைக்கும். மூன்றும் மூன்று படிகள். பரீட்சைத் தாளில் இது தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

அப்புறம் நடுவிலிருந்து ஒன்றை உருவுங்கள். குழந்தை கண்ணை மூடிக்கொள்ளட்டும், நீங்கள் வரிசையின் நடுவில் ஒரு மூடியை எடுத்து ஒளித்துவையுங்கள். ஓரத்தில் சேர்ப்பதைவிட நடுவில் நிரப்புவது கஷ்டம், இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வேண்டுமென்றே தப்பாக ஒன்றை வைத்துவிட்டுத் தெரியாதது போல உட்கார்ந்திருங்கள். டீச்சர் தப்புச் செய்வதைப் பிடிப்பதில் குழந்தைகளுக்கு இருக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே நாலு தரம் தப்புச் செய்யலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது. ஒரு பொருளில் செய்ததை வேறொரு பொருளில் செய்யச் சொல்வது. தகிட, தகிட, தகிட. 'த' வரும்போது கைதட்டு, 'கி', 'ட' வரும்போது தொடையில் விரலால் தட்டு. நடந்துகொண்டே செய்யலாம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது செய்யலாம். பிள்ளைகளுக்கு இது நன்றாக ஏறிய பிறகு ஒரு கை புளியங்கொட்டையும் ஒரு கை கூழாங்கல்லும் கொடுத்து, 'இப்போ நாம தட்டினதைத் தரையில வை' என்று சொல்லுங்கள். முதலில் விழிக்கும். சத்தத்தை எப்படித் தரையில் வைப்பது? அவசரப்பட்டு நீங்கள் வைத்துக் காட்டிவிடாதீர்கள். இன்னொரு தரம் தட்டுங்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு புளியங்கொட்டை, இரண்டு கல், ஒரு புளியங்கொட்டை, இரண்டு கல் என்று வரும். சத்தமும் போய், நிறமும் போய், 'ஒன்று, பிறகு இரண்டு' என்ற எலும்புக்கூடு மட்டும் மிஞ்சியிருக்கிறது பாருங்கள், பின்னாளில் இயற்கணிதம் என்று நாம் பயமுறுத்தப்போவது அதைத்தான். தகிடவோடு தகதிமியைச் சேர்த்தால் ஏழு, மிஸ்ரம் என்ற ஏழு எண்ணிக்கைத் தாளக்கட்டு வந்துவிடும். பறையோ தவிலோ அடிக்கிற வீட்டுப் பிள்ளைகள் உங்கள் மையத்தில் இருந்தால் அவர்களையே முன்னால் நிறுத்துங்கள். நம்மைவிட அவர்களுக்கு நன்றாக வரும்.

அடுத்தது, 'நீயே ஒன்று செய்'. இங்கேதான் நாம் சறுக்குகிறோம். குழந்தை நீளமாக, கலர் கலராக ஒன்றை அடுக்கும், எதுவும் திரும்ப வந்திருக்காது. நாமும் 'சூப்பர், ரொம்ப அழகு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, 'எனக்கும் இதைத் தொடர்ந்து வைக்க ஆசை, அடுத்து என்ன வைக்கணும்னு தெரியலையே, சொல்லிக்கொடு' என்று கேளுங்கள். சொல்ல முயற்சி செய்யும்போதே குழந்தைக்குத் தெரிந்துவிடும், அதில் விதி இல்லை என்று. சில குழந்தைகள் அங்கேயே கலைத்து மறுபடி அடுக்கும். விதியோடு செய்த குழந்தையிடம் ஓர் ஈர்க்குச்சியைக் கொடுத்து, 'எங்கே முடிஞ்சு திரும்ப ஆரம்பிக்குதோ அங்கே குச்சி வை' என்று சொல்லுங்கள். கட்டு தெரிகிறதா இல்லையா என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

பயிற்சித்தாள் அச்சடிக்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிவப்பு, நீலம், சிவப்பு என்று மூன்றே மூன்றைப் போட்டு அடுத்ததைக் கேட்கிறார்கள். ஒரு குழந்தை சிவப்பு தீட்டியது. பெருக்கல் குறி விழுந்தது. குழந்தையைக் கேட்டால் விரல் வைத்துக் காட்டுகிறது: 'சிவப்பு நீலம் சிவப்பு, சிவப்பு நீலம் சிவப்பு.' மூன்றும் சேர்ந்ததை ஒரு கட்டாகப் பார்த்திருக்கிறது! அந்த விடையில் என்ன தப்பு? கட்டு இரண்டு தரமாவது முழுசாக வந்தால்தான் அது எது என்று சொல்ல முடியும், மூன்று தரம் வந்தால் நல்லது. அதற்குக் குறைவாகக் காட்டிவிட்டுப் பிள்ளை தலையில் குட்டுவது அநியாயம். எப்போதும் 'எப்படி?' என்று கேட்ட பிறகே சிவப்பு மையைத் திறங்கள்.

திரும்ப வருவது ஒரு வகை. வளர்ந்துகொண்டே போவது இன்னொரு வகை. அதற்குக் கோலத்தைவிட நல்ல கரும்பலகை நமக்குக் கிடையாது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இலேயே கோலம் உருவாகும் விதத்தைக் கணினி அறிவியலில் 'இலக்கணம்' என்று சொல்லும் விதிகளாக எழுதி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். நம் வாசலில் இருந்து போன விஷயம் அது.

சின்னக் குழந்தைக்குச் சிக்குக் கோலம் வேண்டாம், புள்ளி போதும். ஊடுபுள்ளி வையுங்கள். நடுவில் 3, மேலே 2, கீழே 2. மொத்தம் 7 புள்ளி. அடுத்த நாள் 5 புள்ளியில் ஆரம்பித்து 3 வரை: எண்ணினால் 19. அதற்கடுத்து 7-இல் ஆரம்பித்து 4 வரை: 37. நாலு வயதுக் குழந்தை 'பெரிசாயிட்டே போகுது, ஆனா அதே மாதிரி இருக்கு' என்று சொன்னால் அன்றைய பாடம் நிறைவு. அந்தக் குழந்தையின் அக்கா மூன்றாம் வகுப்பு படிக்கிறாளா, அவளைக் கூப்பிடுங்கள். ஒற்றைப் புள்ளியில் ஆரம்பித்தால் 1, 7, 19, 37. எவ்வளவு எவ்வளவு கூடுகிறது? 6, 12, 18. அப்படியானால் 9 புள்ளியில் ஆரம்பித்து 5 வரை வைத்தால் எத்தனை புள்ளி? எண்ணாமல் சொல்லச் சொல்லுங்கள், பிறகு வாசலில் வைத்து எண்ணிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 61 வரும். கோலப்பொடி மிச்சமாகாது, அவ்வளவுதான்.

பெண் பிள்ளைகளை மட்டும் கூப்பிடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பையன்கள் புள்ளி வைத்தால் விரல் தேயாது.

வீட்டில் மாதக் காலண்டர் தொங்குகிறதா? ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் மேலிருந்து கீழே படிக்கச் சொல்லுங்கள், ஏழேழாகக் கூடும். படிக்கட்டில் ஏறும்போது ஒரு படி விட்டு ஒரு படி சத்தமாக எண்ணட்டும். இதற்கெல்லாம் தனி நேரம் ஒதுக்க வேண்டாம், ஒதுக்கினால் குழந்தைக்கு வாசனை தெரிந்துவிடும், ஓடிவிடும்.

முடிக்கும் முன் பொருள்களைப் பற்றி. ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பிளாஸ்டிக் கிட் வாங்காதீர்கள். மூடி, ஈர்க்குச்சி, இலை, காகிதக் கப், பழைய வளையல் போதும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளிடம் கொட்டை, கல், மணி எதுவும் தராதீர்கள், நேராக வாய்க்கோ மூக்குக்கோ போகும். அவர்களுக்கு டம்ளர், செருப்பு மாதிரி பெரிய சாமான்கள்தான். இன்னொன்று குன்றிமணி. களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கிறோமே, அதுதான். பளிச்சென்று சிவப்பும் கறுப்புமாக இருக்கிறது, அடுக்கினால் ஜோராக இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். கடித்துத் தின்றால் கடும் விஷம். எந்த வயதுக் குழந்தைக்கும் வேண்டாம். மையத்தில் யாராவது சேர்த்துவைத்திருந்தால் நாளைக்குக் காலையில் முதல் வேலையாக அப்புறப்படுத்திவிடுங்கள்.