பள்ளித் தெருவில் முப்பதுக்கு மேல் வேண்டாம்

(பெற்றோர்கள், பள்ளி வேன் ஓட்டுநர்கள், குடியிருப்போர் சங்கத்தினர் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடும் தாய்மார்கள் வந்திருக்கிறீர்கள். கார் வைத்திருப்பவர்கள், வேன் ஓட்டும் அண்ணன்கள், இதே தெருவில் குடியிருப்பவர்கள் என்று எல்லோரும் இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் நெருக்கியடித்து நிற்பவை எல்லாம் பிள்ளைகளை விட வந்த நம் வண்டிகள். திருந்த வேண்டியதும் நாம்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு எதிரே வரும் வண்டியின் வேகத்தை மதிப்பிடத் தெரியாது. எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் அந்த வயதில் அது முழுதாக வராது. அந்தக் கணக்கையும் சேர்த்து ஸ்டியரிங் பிடித்தவர்தான் போட வேண்டும்.

சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் வேக வரம்புகளை மாற்றியது. கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதிக்குள் நுழைந்துவிட்டால் எந்த வண்டிக்கும் 30 கிலோமீட்டர்தான். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடும், நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களுக்கு இதே முப்பதைத்தான் சொன்னது.

ஏன் முப்பது? கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 8 மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். நிற்கிற ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை ஓடிவருகிறது. கண் அதைப் பார்த்து, கால் பிரேக்கில் பதிய, கவனமாக ஓட்டுபவருக்கே ஒரு நொடி போய்விடும். அதன்பின் நல்ல டயரும் காய்ந்த தார்ச்சாலையும் இருந்தால் 5 மீட்டரில் வண்டி நிற்கும். மொத்தம் 13 மீட்டர் சொச்சம். அதே வண்டி ஐம்பதில் வந்தால், அந்த முதல் நொடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடும். முப்பதில் வந்தவர் நின்று மூச்சு விட்ட இடத்தை ஐம்பதில் வந்தவர் கடக்கும்போது அவர் கால் இன்னும் பிரேக்குக்கே வரவில்லை. குறையாத வேகத்தில் மோதுவார். வண்டி நிற்க அதற்கப்புறமும் 14 மீட்டர் வேண்டும். மழை ஈரமும் மணலும் இருந்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கையில் போன் இருந்தால் அந்த ஒரு நொடி இரண்டாகும்.

இவ்வளவு ஆபத்தை விலையாகக் கொடுத்து நமக்கு மிச்சமாவது என்ன? அரை கிலோமீட்டர் தெருவை ஐம்பதில் கடக்க 36 நொடி, முப்பதில் கடக்க 60 நொடி. வித்தியாசம் 24 நொடி.

வாசலை ஒட்டிய ஐம்பது அறுபது மீட்டருக்கு முப்பதுகூட அதிகம். இரண்டாவது கியரில் 15, 20 என்று உருட்டிக்கொண்டு போங்கள். வலக்கால் ஆக்ஸிலேட்டரை விட்டு, அழுத்தாமல் பிரேக் மேல் இருக்கட்டும். அதுவே அரை நொடி லாபம். கண்ணைச் சாலையில் மட்டும் வைக்காமல், நிறுத்தியிருக்கும் வண்டிகளின் அடியிலும் ஓடவிடுங்கள். காருக்கு மறுபுறம் நிற்கும் பிள்ளையின் முகம் தெரியாது, ஷூ தெரியும்.

வேன் நிற்கும் இடத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். நம் ஊரில் வேனின் கதவு இடப்பக்கம். வீடு சாலைக்கு வலப்பக்கம் இருந்தால், இறங்கிய பிள்ளை வேனின் மூக்கைச் சுற்றித்தான் போகும். அதே நேரத்தில் பின்னால் வந்த பைக்காரர், "வேன்தானே நிற்கிறது" என்று வலப்பக்கமாக ஏறுவார். வேனின் முன் முனையில் இருவரும் சந்திக்கிறார்கள். அந்தக் கணம் வரை ஒருவரை ஒருவர் பார்க்க வழியே இல்லை. ஆகவே நிற்கிற பள்ளி வேனைத் தாண்டாதீர்கள், பின்னால் நின்றுவிடுங்கள். வேன் உதவியாளர் பிள்ளையை இறக்கியதோடு கடமை முடிந்தது என்று கதவைச் சாத்தக் கூடாது. வலப்பக்கத்து வீடு என்றால் கையைப் பிடித்துக் கடத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். பெற்றோரும் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு "வாடா கண்ணு" என்று கூப்பிடக் கூடாது. அம்மாவைக் கண்ட பிள்ளை வேறு எதையும் பார்க்காது. நீங்கள் வேன் நிற்கும் பக்கத்துக்குப் போய் நில்லுங்கள்.

ஹாரனை அடித்தால் பிள்ளை ஒதுங்கிவிடும் என்று நினைக்கிறோம். சில பிள்ளைகள் அப்படியே உறைந்து நிற்கும், சில பிள்ளைகள் வந்த வழியே திரும்பி ஓடும். எது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிரேக்குக்குப் போக வேண்டிய கவனத்தை ஹாரன் தின்றுவிடக் கூடாது. பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை, ஹாரன் அடிக்கக் கூடாத அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் சொல்கின்றன.

இனி ரிவர்ஸ். என் பார்வையில் வேகத்துக்கு அடுத்த பெரிய ஆபத்து இதுதான். 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கம் பகுதியில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்பு மாணவன் உயிரிழந்தான். அதன்பின் பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமராவும் பின்புறம் சென்சாரும் கட்டாயம் என்று தமிழக அரசு விதியைத் திருத்தியது. அதற்குப் பத்தாண்டு முன்பு, 2012 ஜூலையில், தாம்பரம் அருகே முடிச்சூரில் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் அதன் பிறகுதான் வந்தன. நம்மிடம் இருக்கும் ஒவ்வொரு விதிக்கும் ஒரு பிள்ளை உயிரைக் கொடுத்திருக்கிறது. வேன் அண்ணன்கள் இதை நினைவில் வைத்து வண்டியைத் தொடுங்கள்.

கேமரா வந்ததால் வேலை முடியவில்லை. லென்ஸில் சேறு படியும். வெயில் நேராக அடித்தால் திரை வெளுத்துப்போகும். எனவே வண்டியை எடுக்குமுன் இறங்கி ஒரு சுற்று சுற்றி வாருங்கள். குனிந்து சக்கரங்களுக்கு அடியில் பாருங்கள். ரிவர்ஸ் எடுப்பதானால் உதவியாளர் பின்பக்கம் வலது மூலையில், உங்கள் மிரரில் தெரியும்படி நிற்க வேண்டும். மிரரில் அவர் மறைந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். அதைவிட நல்லது, வளாகத்துக்குள் ஒரு வழியாக நுழைந்து மறு வழியாக வெளியேறி, ரிவர்ஸே தேவைப்படாமல் செய்வது. பள்ளி நிர்வாகங்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 40-ல் பூட்டப்பட்டிருக்கிறது என்பதற்காகச் சந்துக்குள் நாற்பதில் போகலாம் என்று அர்த்தமில்லை.

ஸ்கூட்டரில் வருகிறவர்களே, முன்னால் கால் வைக்கும் இடத்தில் பிள்ளையை நிற்க வைப்பதை விட்டுவிடுங்கள். சட்டென்று பிரேக் பிடித்தால் பிள்ளையின் வாயும் நெஞ்சும் ஹேண்டில்பாரில் போய் மோதும். இன்னொரு விபத்து வாசலிலேயே நடக்கும். இன்ஜினை அணைக்காமல் மூத்த பிள்ளையின் பையை எடுத்துக் கொடுக்கத் திரும்புவோம். முன்னால் நிற்கும் சின்னது ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிடும். வண்டி கூட்டத்துக்குள் பாயும். நின்றால் சாவியை அணைத்துவிடுங்கள். புத்தகப் பையை ஹேண்டிலில் மாட்டினால் அது முழுதாகத் திரும்பாது. நான்கு வயதுக்கு மேல் பிள்ளைக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு, ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்பு வார்ப்பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி 15 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

காரில் வருகிறவர்கள் பிள்ளையைத் தெருவோரப் பக்கக் கதவு வழியாகவே இறக்குங்கள். ஓட்டுநர் பக்கக் கதவை இடக்கையால் திறந்து பழகுங்கள். இடக்கை நீளும்போது உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும்.

பத்தாம் வகுப்புப் பையனிடம் வண்டிச் சாவியைக் கொடுப்பவர்களுக்கு ஒரே செய்தி. மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி குற்றவாளி நீங்கள். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஓராண்டு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

குடியிருப்போர் சங்கத்தினரிடம் வேகத்தடை பற்றிச் சொல்ல வேண்டும். சிமென்ட் கலவையை இரவோடிரவாகக் குவித்துவிடுகிறோம். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் குழுமத்தின் (ஐ.ஆர்.சி.) அளவு, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். அதன் மேல் 25 கி.மீ. வேகத்தில் சுகமாகப் போகலாம், அதற்கு மேல் போனால் தூக்கிப்போடும். நாம் போடுவதோ ஒரு அடி அகலம், அரை அடி உயரம். பின்னால் அமர்ந்திருக்கும் கர்ப்பிணியின் முதுகை அது உடைக்கும். ஓரத்தில் மழைநீர் போக விட்ட இடைவெளி வழியாகப் பைக்குகள் நுழையும், பிள்ளைகள் நடப்பதும் அதே ஓரத்தில்தான். மாநகராட்சி வார்டுப் பொறியாளரிடம் மனுக் கொடுங்கள். தடைக்கு 40 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகையும், தடை மேல் கறுப்பு வெள்ளைக் கட்டமும் சேர்த்துக் கேளுங்கள். பெயின்ட் அழிந்த தடை இரவில் பள்ளத்தைவிட மோசம்.

வெளியே ஒரு வேன் நிற்கிறது. அதன் முன் பம்பரை ஒட்டி ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்துக்கு ஒரு கம்பை நட்டு வைத்திருக்கிறோம். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்காருங்கள். கம்பின் நுனி கண்ணுக்குத் தெரியும் வரை அதைத் தள்ளிக்கொண்டே போகச் சொல்லி, தெரிந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு பின்பக்கமும் அதையே செய்து பாருங்கள். கார், ஜீப் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போய் உங்கள் வண்டிக்கும் இதே கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். வரிசையாக வாருங்கள், எல்லோருக்கும் நேரம் இருக்கிறது.