வெற்றிலைத் தட்டில் கைவைத்த சட்டம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, புளியந்தீவில் கூடியிருக்கும் பெரியோரே, வணக்கம். போர்த்துக்கேயர் ஆண்ட கோவாவில் திருச்சபை விதித்த ஒழுக்கக் கட்டுப்பாடுகள் சமூகத்தைத் திருத்தினவா, சிதைத்தனவா என்பது இன்றைய கேள்வி. சிதைத்தன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி உடன்கட்டையைச் சொன்னார். அதை ஒழித்தது திருச்சபைதான் என்றார். இல்லைத் தம்பி. கோவாவில் அதைத் தடை செய்தவர் 1510இல் அந்த ஊரைப் பிடித்த ஆளுநர் அல்புகெர்க்கே. விசுவாசம் தவறியவர்களை விசாரித்துத் தண்டிக்கும் திருச்சபையின் சமய விசாரணை மன்றம் அங்கே வந்தது 1560இல். ஐம்பது வருடம் பிந்தி வந்தவர்களுக்கு அந்தப் புகழை எப்படிக் கொடுப்பது?

சரி, அந்த மன்றம் எதைத் தடுத்தது? 1736ஆம் ஆண்டுக் கட்டளையைக் கேளுங்கள். கலியாண வீட்டில் வெற்றிலை பாக்குக் கொடுக்கக் கூடாது. பூக் கொடுக்கக் கூடாது. ஊர்ப் பாட்டுப் பாடக் கூடாது. வளவில் துளசி நிற்கக் கூடாது. ஆண்கள் வேட்டி கட்டக் கூடாது. உப்புப் போடாமல் சோறு சமைக்கக் கூடாது. அது இந்துக்களின் வழக்கமாம்! இத்தனையும் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்களுக்கு. சோற்றுப் பானைக்குள் பாவம் தேடியிருக்கிறார்கள், நடுவர் அவர்களே.

நானும் கத்தோலிக்கப் பெண்தான். என் கலியாணத்துக்கு அம்மா வீடு வீடாகப் போய் வெற்றிலை வைத்துத்தான் சொன்னார். அன்றைய கோவாவில் என்றால் அம்மா குற்றவாளி. யார் காட்டிக்கொடுத்தது என்றுகூட அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சாட்சியின் பெயரை மறைப்பது அந்த மன்றத்தின் நடைமுறை. அப்புறம் எந்த அயலவரை நம்பிக் கதவைத் திறப்பது?

இவ்வளவு கெடுபிடியிலும் சாதி போனதா? வெற்றிலையைப் பறித்தவர்கள் சாதியை விட்டுவிட்டார்கள். மதம் மாறிய பிராமணர் 'பாமண்' என்றும், சத்திரியர் 'சார்தோ' என்றும் கோவாக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே தனித்தனியாக நின்றார்கள்.

இன்னொன்று. அதே கோவாவிலிருந்து 1687இல் யோசேப்பு வாஸ் அடிகளார் இலங்கைக்கு வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலம். கூலியாள் வேடத்தில், வெறுங்காலோடு வந்தார். அவர் கையில் மன்றமும் இல்லை, சிறையும் இல்லை. தமிழும் சிங்களமும் படித்து, மக்களைத் தேடி இரவிலே போய்ப் பூசை வைத்தார். அணைய இருந்த விசுவாசம் அவராலே பிழைத்தது. தண்டிக்கத் திருச்சபைக்கு ஆளே இல்லாத இந்த நாட்டில் அது எப்படி நடந்தது என்பதை எதிரணித் தலைவர் வந்து சொல்லட்டும். நன்றி, வணக்கம்.