பால் கொட்டகையும் பொன்னாடையும்

(மலேசியாவின் பீடோங்கில் ஒரு சிறுகதை நூல் வெளியீட்டில் பேசியது)

வணக்கம். பின்வரிசை அக்காமார்களுக்குக் கேட்கிறதா? சரி.

கே.எஸ். மணியம் 1942இல் இதே பீடோங்கில் பிறந்தவர். நம் ஆட்களின் வாழ்க்கையை வைத்து 'தி ரிட்டர்ன்' என்ற நாவலை ஆங்கிலத்தில் எழுதி 1981இல் வெளியிட்டார். அதே 1981இல்தான் அரசாங்கம் 'சாஸ்த்ரவான் நெகாரா', அதாவது தேசிய இலக்கியவாதி என்ற விருதைத் தொடங்கி, முதல் ஆளாக மலாய் எழுத்தாளர் கெரிஸ் மாஸுக்குக் கொடுத்தது. மணியத்துக்கு அந்த வாசல் இல்லை. 1971 தேசியப் பண்பாட்டு மாநாட்டுக் காலத்தில், மலாய் மொழியில் எழுதினால்தான் தேசிய இலக்கியம், தமிழும் சீனமும் 'சுக்குவான்', அதாவது ஓர் இனத்துக்குள் அடங்கியது என்று இஸ்மாயில் உசேன் போன்ற பேராசிரியர்கள் வாதாடினார்கள். அந்தக் கோடு இன்னும் அழியவில்லை.

கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தை நாம் எங்கே கொண்டுபோய் இறக்குகிறோம்?

வெளியே வாசல் மூடியிருப்பதால் நமக்குள்ளேயே பொன்னாடை போர்த்திக்கொள்கிறோம், புத்தகத்தைப் பிரிக்காதவர்கூட மேடையேறி 'காவியம்' என்கிறார், அப்புறம் எவனாவது ஒருத்தன் "இந்த நாவல் சரியாக வரவில்லை" என்று எழுதினால் அவன் இனத்துரோகி. நானும் ஒரு முறை எழுதினேன். மூன்று வருஷம் ஒருவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கல்யாண வீட்டில்கூட.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனால், எடை போடுவதோடு தோட்டத்துக் கணக்கர் கிராணி விடமாட்டார், கருவியை மிதக்கவிட்டுப் பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்ப்பார், தண்ணீர் கலந்திருந்தால் மாட்டிக்கொள்வோம். அவரை யாருக்கும் பிடிக்காது. (அவரும் சில நாள் எடையில் கைவைப்பார், அது வேறு கதை.) ஆனாலும் கருவியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

மலாயில் எழுதாததால் சுக்குவான் என்பது கருவியை உள்ளே விடாமலே வாளியைத் தள்ளிவைப்பது. நம் காவியப் பேச்சு, கருவியை விடாமலே முழுக்கூலி போடுவது. இரண்டிலும் பாலை யாரும் பார்க்கவில்லை.

இன்றைக்கு வெளியிடும் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். தம்பி, எட்டாவது கதை எனக்கு ரொம்பப் பிடித்தது, அதில் ஆட்களை வேலை வாங்கும் அந்தத் தண்டல் மனசைவிட்டுப் போகவில்லை. மற்றதைத் தே தாரிக் குடிக்கும்போது சொல்லலாம் என்றிருந்தேன், வேண்டாம், இங்கேயே சொல்கிறேன்: மூன்றாவது கதையில் அந்த அம்மா விடியற்காலையில் போகாமல் சாயங்காலம் பால் வெட்டப் போகிறாள். எந்தத் தோட்டத்தில் தம்பி?