இழை பிணைக்கிற நேரம்

வணக்கம்ங்க. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனிகளில் 22 வருசமாக மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறேன், அதாவது வாங்குகிறவருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக் கொடுக்கிற வேலை. வேலையையும் வீட்டையும் சேர்த்துக் கவனிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் எங்கள் ஊர்க் கடிகாரம். கம்பெனி நேரம் என்றால் எங்களுக்கு ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை. பையரோடு, அதாவது ஆர்டர் தருகிற வெளிநாட்டுக்காரரோடு, பேசுகிறவர்களுக்கு அதோடும் முடியாது. ஜெர்மனிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். அவர்கள் காலை ஒன்பதுக்கு ஆபீசைத் திறக்கும்போது நமக்கு மத்தியானம் ஒன்றரை, அவர்கள் சாயங்காலம் ஐந்துக்குப் பையைத் தூக்கும்போது இங்கே ஒன்பதரை, தட்டில் தோசை ஆறிக்கொண்டிருக்கும். ஒரு கையில் தோசை, ஒரு கையில் போன் என்று பல வருசம் சாப்பிட்டிருக்கிறேன். நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறேனே, அப்புறம் என்ன குறை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பாப்பாவுக்குக் காதுகுத்து, காங்கேயம் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில். அதே வாரம் ஒரு ஆர்டருக்கு லேப் டிப் போயிருந்தது. சாயப்பட்டறையில் ஒரே கலரைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் ஏ, பி, சி என்று மூன்று துண்டு போட்டுத் தருவார்கள், பையர் அதில் ஒன்றை ஓகே செய்வார், அதை நாம் பட்டறைக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. பாப்பா மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறாள், ஆசாரி ஊசியை எடுக்கிறார், என் சட்டைப்பையில் போன் அதிர்கிறது. எடுத்துப் பார்த்தேன். பையர் சி என்று எழுதியிருந்தார், நான் பட்டறைக்கு பி என்று அனுப்பினேன். 400 கிலோ துணி சாயம் ஏறி வந்த பிறகுதான் தெரிந்தது. காதுகுத்து ஆல்பத்தில் பாப்பா வாயைத் திறந்து அழுகிற போட்டோ ஒன்று இருக்கிறது. சுற்றி நிற்கிற அத்தனை பேரும் அவளைத்தான் பார்க்கிறார்கள், நான் மட்டும் குனிந்திருக்கிறேன்.

துணியை மறுபடி சாயம் போட்டு அடர் நீலமாக்கி வேறு ஆர்டருக்குத் தள்ளிவிட்டோம். போட்டோவை என்ன செய்ய?

நான் பிறந்தது சோமனூர் பக்கம், தறிக்காரர் வீடு. வீட்டில் இருந்தே வேலை பார்ப்பதை ஏதோ புதுசு மாதிரி இப்போது பேசுகிறார்கள், எங்கள் பக்கம் சமையல்கட்டுக்கும் தறி குடோனுக்கும் நடுவில் ஒரு வாசல்தான் இருக்கும். அம்மா நான்கு தறி பார்த்தார். அந்தச் சத்தத்திலும் பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலில், ஒரு இழை அறுந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அந்தத் தறியை மட்டும் நிறுத்துவார், அறுந்த நுனியைத் தேடி எடுத்து, துண்டு நூல் சேர்த்து முடிச்சுப் போட்டு, இழைகளைத் தாங்குகிற விழுதிலும் சீப்பு மாதிரி இருக்கிற அச்சிலும் கோத்து இழுப்பார். அந்த நேரத்தில் நான் எத்தனை தடவை அம்மா அம்மா என்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். தறி மறுபடி ஓட ஆரம்பித்ததும் என் பக்கம் முழுசாகத் திரும்பி, "இப்பச் சொல்லு சாமி" என்பார். சின்ன வயசில் கோபமாக இருந்தது. அந்த இரண்டு நிமிசம் காத்திருந்தால் அப்புறம் அம்மா முழுசாகக் கிடைப்பார் என்பது இப்போதுதான் புரிகிறது. என் பிள்ளைகள் கூப்பிட்டால் நான் உடனே "ம்ம்" என்பேன், ஆனால் அவர்கள் சொன்னது எதுவும் எனக்குள் போயிருக்காது.

இதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். ஸோஃபி லெராய் என்ற பேராசிரியர் 2009ல் எழுதிய கட்டுரையில், ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் மனசில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அடுத்த வேலை அதனால் கெடுகிறது என்று காட்டினார். குளோரியா மார்க் என்பவர் கலிபோர்னியாவில் ஆட்களைக் கூடவே இருந்து அளந்து பார்த்தவர். 2004ல் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிசம் நின்ற கவனம், பின்னால் 47 விநாடிக்கு இறங்கிவிட்டது என்கிறார். 47 விநாடியில் ஒரு இழைகூடப் பிணைக்க முடியாதுங்க.

லெராய் பின்னால் ஒரு வழியும் சொன்னார். பாதியில் எழுந்துதான் ஆக வேண்டும் என்றால் எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நிமிசம் எழுதி வைக்க வேண்டும், மனசு விட்டுக்கொடுக்கும். நான் அதைச் செய்கிறேன். கிளம்பும் முன்னால் பழைய பேக்கிங் லிஸ்டின் பின்பக்கத்தில் நாலு வரி. வீட்டுக்கு வந்தால் போன் பிரிட்ஜ் மேலே போய்விடும், ஒன்பதரைக்கு ஒரே தடவை எடுத்துப் பார்ப்பேன். கண்டெய்னர் ஏறுகிற ராத்திரிகளில் இது நடக்காது, அன்றைக்கு வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

இதைப் பேசுகிறபோது எனக்கு உறுத்துகிற விசயம் ஒன்று உண்டு. போனைத் தள்ளி வைக்கிற வசதி எனக்கு இருக்கிறது. பவர் டேபிளில், மோட்டார் தையல் மெஷினில், ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்கிற பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற அக்காவிடம் போய் குடும்பத்துக்கு நேரம் ஒதுக்குங்க என்று சொல்ல எனக்கு வாய் வராது, அவருக்கு நேரம் என்றால் கூலி. அதோடு, ராத்திரி பத்து மணிக்குக் கட்டிங் மாஸ்டரையும் செக்கிங் சூப்பர்வைசரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர்கள் சோற்றை ஆற வைத்தவனும் நான்தான். பையர் என்னைக் கூப்பிட்டதும் நான் அவர்களைக் கூப்பிட்டேன். என் பதற்றம் அவர்கள் வீட்டுக்குப் போய்விடும், எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

போன வாரம் ராத்திரி பத்தரைக்கு ஒரு லாட் துணியில் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்கிற எடை, குறைவாக இருப்பதாக ஞாபகம் வந்தது, கட்டிங் மாஸ்டரைக் கூப்பிடக் கை பிரிட்ஜ் வரை போய்விட்டது. காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் படுத்தேன். காலை எட்டரைக்கு அவர் டீயைக் குடித்து முடிக்கட்டும் என்று நின்று, அப்புறம் சொன்னேன். அந்த லாட்டை இன்னும் டேபிளில் விரிக்கவே இல்லை. இரண்டு பேருமாகத் துணியை வட்டமாக வெட்டி எடை போட்டுப் பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது.

நன்றிங்க, வணக்கம்.