பார்மேட் போடுறதுக்கு முன்னாடி 4-ஐ அமுக்குங்க!

கம்ப்யூட்டர் பாதியில நிக்குதா? விண்டோஸ் வந்ததும் திரை கருப்பாகுதா? உடனே கடைக்குத் தூக்கிட்டுப் போய் பார்மேட் போடச் சொல்லாதீங்க. சேஃப் மோட்ல ஒரு தடவை ஏத்திப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் இருக்கறவங்க கடைசி வரைக்கும் பாருங்க, உங்களுக்குன்னே ஒரு விஷயம் இருக்கு.

விண்டோஸ் 95 காலத்துல சேஃப் மோடுக்குப் போக எஃப்8 அமுக்குவோம். விண்டோஸ் 8ல இருந்து அது தானா வேலை செய்யாது, விட்டுருங்க.

சேஃப் மோடுன்னா என்ன? விசைப்படகுல இன்ஜின் திணறுதுன்னு வைங்க. விஞ்ச், லைட்டு, எக்கோ சவுண்டர் எல்லாத்தையும் நிப்பாட்டிட்டு, வெறும் இன்ஜினை மட்டும் ஓட்டிப் பாப்பாங்க. சீரா ஓடுனா கோளாறு மாட்டியிருக்கற சாமான்ல. அப்பவும் திணறுனா இன்ஜின்லதான். இங்கயும் அதேதான்! கீபோர்டு, மவுஸ், டிஸ்க், சாதாரண டிஸ்ப்ளே, இவ்வளவுதான் ஏறும். திரையில எழுத்து பெருசு பெருசா, மூலைக்கு மூலை 'சேஃப் மோட்'னு தெரியும். பயப்படாதீங்க.

[திரையில்: லாகின் பக்கம்]

ஷிஃப்டை அமுக்கிக்கிட்டே ரீஸ்டார்ட் குடுங்க. ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பட்டியல் வந்ததும் 4-ஐ அமுக்குங்க, அதுதான் சேஃப் மோட். நெட்டும் வேணும்னா 5. லாகினே வரலைன்னா, லோகோ வரும்போது பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு அணைங்க. ரெண்டு மூணு தடவை இப்படிச் செஞ்சா ரிப்பேர் திரை தானா வரும். பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கற வசதி, போட்டிருந்தா 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும், முன்னாடியே எடுத்து வச்சுக்கங்க.

சேஃப் மோட்ல நல்லா ஓடுதா? அப்போ திரையை இயக்குற மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவர்ல கோளாறு இருக்கலாம். டிவைஸ் மேனேஜர்ல அதை 'ரோல் பேக்' பண்ணுங்க, அதாவது பழைய பதிப்புக்கு மாத்துங்க. வெளிய வர சும்மா ரீஸ்டார்ட் போதும்.

அங்கயும் நிக்குதா? இப்பத்தான் நம்ம ஊர் விஷயம். முதல்ல ரேமைப் பாருங்க, அதாவது கம்ப்யூட்டர் ஓடும்போது தற்காலிகமா நினைவு வச்சுக்கற சின்னப் பலகையை.

கரண்ட் வயரை உருவிட்டு பவர் பட்டனை 10 நொடி அமுக்குங்க, மிச்ச கரண்ட் இறங்கிரும். கிளிப்பை விலக்கி ரேமை எடுங்க. அடியில தங்க நிறத்துல வரிசையா பல்லு மாதிரி இருக்கும். அதை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. மினுமினுப்பு மங்கி, ஓரத்துல பச்சையா பூத்திருக்கா? குத்துவிளக்குல ஏறுமே, அதே களிம்பு! மேல இருக்கற தங்கப் பூச்சு ரொம்ப மெல்லிசு. அதுல இருக்கற கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியா கடல் காத்துல வர்ற உப்பு ஈரம் இறங்கி, அடியில இருக்கற செம்பைத் தின்னுது. இதுக்குப் போய் பார்மேட் போடுறது, ஓட்டை வள்ளத்துக்குப் பெயின்ட் அடிச்ச கதைதான்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச மெல்லிய துணியால துடைங்க. பென்சில் ரப்பர்னா ரொம்ப லேசா தேய்ங்க. அழுத்துனா பூச்சே போயிரும். ரப்பர் துகள் ரேம் மாட்டுற ஸ்லாட்டுக்குள்ள விழக்கூடாது. நல்லா காய்ஞ்சதும் 'டக்'குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கி மாட்டுங்க.

இன்னும் நின்னா, ரெண்டு ரேம் இருக்கறவங்க ஒண்ணொண்ணா மாட்டி ஓட்டிப் பாருங்க. எதை மாட்டுனா நிக்குதோ, அதை மாத்துங்க. உங்க ரேம்ல பச்சை பூத்திருந்துச்சா? எந்த ஊருன்னு சேத்து கமெண்ட்ல சொல்லுங்க.