மூச்சுக்காற்று போய்ச் சேரும் இடம்

நேயர்களுக்கு வணக்கம். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் தமிழ் உறவுகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். நாம் இழுக்கும் மூச்சு உடம்புக்குள் எங்கே போய், என்ன வேலை செய்கிறது என்று இன்று பார்ப்போம்.

நாம் வாழும் இதே ஆந்திரத்தில், பீமவரத்தில் 1895-இல் பிறந்தவர் சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போய், 1929-இல் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து தசையிலிருந்து ஏ.டி.பி. என்ற பொருளைப் பிரித்துக் காட்டினார். நம் செல்கள் வேலை செய்யச் செலவழிக்கும் ஆற்றல் நாணயம் அது. அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமானும் அதைக் கண்டறிந்தார். கண் இமைப்பது, தறியில் கை ஓடுவது எல்லாமே ஏ.டி.பி. செலவில்தான். சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்காமல் போனது எனக்கு ஆறாத வருத்தம்.

காலையில் தின்ற கேழ்வரகுக் களி குளுக்கோஸாகி செல்லுக்குள் போகிறது. அங்கே ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முதலில் இரண்டாக உடையும்போது நிகரமாகக் கிடைப்பது 2 ஏ.டி.பி.தான். செல்லின் ஆற்றல் ஆலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் முழுவதும் முடிந்தால் 30, 32 வரை தேறும்.

மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வு மடிப்பு மடிப்பாக இருக்கும். உணவிலிருந்து கழன்ற எலக்ட்ரான்கள் அந்தச் சவ்வின் புரதங்களில் கைமாறிக் கைமாறிப் போகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றல் புரோட்டான்களைச் சவ்வுக்கு அந்தப்பக்கம் தள்ளித் தேக்குகிறது. பிச்சாட்டூர் அணைத் தண்ணீர் மதகில் பாய்கிற மாதிரி அவை ஒரு புரதத்தின் வழியே திரும்பப் பாய்கின்றன. பாயும்போது அந்தப் புரதம் நிஜமாகவே சுழல்கிறது! ஒரு சுற்றுக்கு 3 ஏ.டி.பி. புரோட்டான் தேக்கம்தான் இதற்கெல்லாம் விசை என்று பீட்டர் மிட்செல் என்ற விஞ்ஞானி 1961-இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் அதற்கே நோபல் பரிசு.

சரி, நாம் இழுக்கும் மூச்சுக்கு இதில் என்ன வேலை? எலக்ட்ரான்கள் கைமாறிப் போகும் அந்தப் புரத வரிசையின் கடைசியில் நின்று அவற்றை வாங்கிக்கொள்வதுதான். வாங்கிய ஆக்சிஜன் தண்ணீராகிவிடும். வாங்க ஆள் இல்லையென்றால் பின்னால் வருவதெல்லாம் அப்படியே நின்றுபோகும். சயனைடு கொல்வது இந்த இடத்தில்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், ஆனால் எலக்ட்ரான் அதன் கைக்கு வந்து சேராது.

புரட்டாசியில் திருமலைக்கு நடந்து போகிறவர்களுக்கு முழங்கால் முறிச்சான் ஏற்றம் தெரியும். அங்கே தொடைத்தசை கேட்கும் வேகத்துக்கு ஆக்சிஜன் போய்ச் சேருவதில்லை. தசை, ஆக்சிஜன் தேவைப்படாத அந்த 2 ஏ.டி.பி. வழியையே அதிகமாக நம்பி ஓடுகிறது, லாக்டிக் அமிலம் சேர்கிறது, மூச்சு வாங்குகிறது. அப்புறம் உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் இரைக்கும். பயப்பட வேண்டாம், விட்டதைத் தசை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ மேலே ஏறாதீர்கள், உடனே மருத்துவ உதவி கேளுங்கள்.