‘ரைட் எபவுட் எய்ட்டி வேர்ட்ஸ்’: ஓர் அம்மாவின் சந்தேகம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுக்கப்போகிறேன். மூன்று நாளாக அது என்னை விடவில்லை.

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். எனக்கு இன்னும் அந்த ஊரின் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் வாயில் வருகிறது, பழக்கம் அப்படி. மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கு, தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளை. ஆங்கிலம் பேசுகிறாள், கதைப் புத்தகம்கூடப் படிக்கிறாள். ஆனால் தேர்வுத்தாள் திரும்பி வந்தால் ‘கேட்டது இது இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. ‘ஐயா, கேள்வியில் வரும் கட்டளைச் சொற்களுக்கு ஒரு பட்டியல் கொடுங்கள், மனப்பாடம் செய்ய வைக்கிறேன்’ என்று கேட்கிறார்.

பட்டியல் கொடுப்பது பெரிய வேலை இல்லை. ‘ஸ்டேட்’ என்றால் சுருக்கமாகச் சொல், ‘டிஸ்கஸ்’ என்றால் இரு பக்கமும் அலசு, இப்படி ஒரு பக்கம் நிரப்பிவிடலாம். ‘ஸ்டேட் டூ ரீசன்ஸ்’ (இரண்டு காரணங்களைச் சொல்) என்ற கேள்வியில் ‘ஸ்டேட்’ என்றால் மாநிலம் என்று எடுத்துக்கொண்டு, ஜொகூர், கெடா என்று இரண்டு மாநிலங்களை எழுதிய மாணவன் ஒருவன் என்னிடம் இருந்தான். அவனுக்குப் பட்டியல் உதவியிருக்கும். இந்த அம்மாவின் மகளுக்கு உதவாது என்று நினைக்கிறேன். அவளுக்குச் சொல் தெரிகிறது. கட்டளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

தமிழில் கட்டளை வாலில் வரும். ‘சிறுவன் தோட்டத்தைவிட்டுப் போனதன் காரணத்தை விளக்குக.’ கடைசிச் சொல்லைப் பார்த்தால் போதும், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அது தலையில் இருக்கிறது: ‘எக்ஸ்பிளெயின் ஒய் த பாய் லெஃப்ட் த எஸ்டேட்.’ நம் பிள்ளைகள் பழக்கத்தில் வாலைப் பிடிக்கிறார்கள். சிறுவன் தோட்டத்தைவிட்டுப் போனான், சரி, எப்படிப் போனான், எந்த பஸ்ஸில் ஏறினான், அம்மா எப்படி அழுதாள் என்று கதை ஓடுகிறது. ஏன் போனான் என்று மட்டும் ஒரு வரி இருக்காது.

என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வேலையாட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் விடியற்காலைப் பெரட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து நிற்பாராம். அந்தக் காலத்துத் துரைமார் தோட்டத்தில் வேலை வாங்கத் தமிழ் கற்றுக்கொள்வார்கள். இவரும் கற்றிருந்தார், ஆனால் ஆங்கிலத்தின் வரிசையில் பேசுவார்: ‘சீவு நீங்க மரம் எல்லாம் இன்னைக்கு.’ அவர் சொல்லி முடித்த பிறகும் கூட்டம் நகராதாம். இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்து நிற்குமாம், வினைதான் வாலில் வரவில்லையே! வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் வந்து ‘மரத்தைச் சீவுங்கடா’ என்ற பிறகுதான் எல்லாரும் நகர்வார்கள். தேர்வு மண்டபத்தில் மண்டோர் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலாயும் கட்டளையைத் தலையில்தான் வைக்கிறது. ‘ஞாத்தாகான் டுவா செபாப்’ (இரண்டு காரணங்களைக் குறிப்பிடுக) என்று வரலாற்றுத் தாளில் வந்தால் இதே பிள்ளைகள் தடுமாறுவதில்லை. மலாயை மலாயாகவே படிக்கிறார்கள். ஆங்கிலத்தை மட்டும் மனதுக்குள் தமிழாக்கிப் படிக்கிறார்கள். அதனால் நான் வகுப்பில் சொல்வது, ஆங்கிலக் கேள்வியை மலாய்க் கேள்வி மாதிரிப் படி என்பதுதான். இதற்காகத் தமிழ் ஆர்வலர்கள் என்னிடம் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். பரவாயில்லை.

அப்புறம் இன்னொன்று, இதுதான் அதிகம் அடிபடும் இடம். தமிழில் பெரும்பாலும் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினைமுற்று. ‘உனக்குப் பிடித்த இடத்தை வருணித்து, நண்பனை ஏன் அங்கே அழைத்துச் செல்வாய் என்று விளக்குக.’ வருணிப்பது எச்சமாகி அடங்கிவிட்டது. ஆங்கிலத்தில் ‘டிஸ்கிரைப்... அண்ட் எக்ஸ்பிளெயின்’ என்று இரண்டும் சம எடையில் நிற்கும். பிள்ளை ஒன்றைச் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று பேனாவை மூடிவிடுகிறது. மலேசியாவில் படிவம் ஐந்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் ஆங்கில (பாட எண் 1119) எழுத்துத் தாளில் முதல் பகுதி, நண்பரின் மின்னஞ்சலுக்கு ஏறக்குறைய 80 சொற்களில் பதில். அந்த நண்பர் ஒரு விஷயத்தோடு விடமாட்டார், இரண்டு மூன்று கேட்பார். இரண்டாம் பகுதி 125 முதல் 150 சொற்கள், அங்கேயும் குறிப்புகள் கொடுத்து எல்லாவற்றையும் பற்றி எழுதச் சொல்வார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் 20 மதிப்பெண், அதில் 5 உள்ளடக்கத்துக்கு. மொழி எவ்வளவு அழகாக இருந்தாலும், கேட்டதில் ஒன்றை விட்டுவிட்டால் அந்த ஐந்தில் கை வைத்துவிடுவார்கள்.

அந்த 80 சொல் விஷயம். ‘ரைட் எபவுட் எய்ட்டி வேர்ட்ஸ்’ என்றால் ஏறக்குறைய எண்பது சொற்களில் எழுது என்று பொருள். அதை எண்பது சொற்களைப் பற்றி எழுது என்று புரிந்துகொண்டு, ‘எந்த எண்பது சொல் ஐயா?’ என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். சிரித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டது நியாயம். ‘எபவுட்’ என்றால் ‘பற்றி’ என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

சரி, அம்மா, நீங்கள் பட்டியல் கேட்டீர்கள். ‘எனக்கு ஆங்கிலம் தெரியாது, நான் வீட்டில் என்ன செய்யலாம்?’ என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். மகளைப் பழைய கேள்வித்தாளோடு பக்கத்தில் உட்கார வையுங்கள். பதில் எழுத வேண்டாம். கேள்வி அவளை என்ன செய்யச் சொல்கிறது என்று மட்டும் தமிழில் சொல்லட்டும், ஒவ்வொரு வேலையும் ‘எழுதுக’, ‘விளக்குக’, ‘தேர்ந்தெடுக்க’ என்று தனித்தனியாக முடியட்டும். நீங்கள் சமைத்துக்கொண்டேகூட விரல் விடலாம். உங்கள் கையில் மூன்று விரல் நிற்கிறதா? நாளைக்கு அவள் பதில் எழுதி முடித்ததும் அந்த மூன்றும் எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டைத்தான் காட்டுகிறாள் என்றால், சிவப்பு மை வருவதற்கு முன்பே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்.